அடுத்தவர் டிசைன் உங்கள் மேஜைக்கு வந்தது உண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

அச்சுப்பட்டறை:

பிளாஸ்டிக் மோல்டு வெட்டுவதும் அதிலேயே பொருள் அடித்துக் கொடுப்பதும் என் தொழில். எங்களிடம் வருகிற பலர் வரைபடம் கொண்டுவருவதில்லை. பொருளையே கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள்.

சமீபத்தில் ஒரு பார்ட்டி தண்ணீர் ஜக் ஒன்றை வைத்தார். அடியில் கம்பெனிப் பெயர் இருந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். "அச்சு அசலா இதே மாதிரி வேணும். பேர் மட்டும் வேண்டாம். பேர் போடலைன்னா எவனும் கேள்வி கேட்க முடியாது" என்றார்.

இதைச் சொல்கிற ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெயருக்கு ட்ரேட்மார்க். வடிவத்துக்கு டிசைன் பதிவு. இரண்டும் வேறு வேறு கணக்கு. அந்த ஜக்கில் கைப்பிடி தனியாக ஒட்டி நிற்காமல் உடம்போடு வழிந்து இறங்கும். கடையில் கண்ணை இழுப்பதே அதுதான். பெயரைத் தேய்த்தாலும் அது அங்கேயேதான் இருக்கிறது.

டிசைன் பதிவேட்டில் தேடினேன். லொகார்னோ வகைப்பாடு என்று ஒன்று இருக்கிறது. பொருள்களை 32 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பாத்திர பண்டங்கள் 7ஆம் வகுப்பு. அந்த வகுப்பையும் தேய்க்கப்பட்ட கம்பெனியின் பெயரையும் சேர்த்துப் போட்டதும் ஜக் எல்லாக் கோணத்திலும் படமாக வந்து நின்றது. புதுப்பிப்புக் கட்டணமும் கட்டியிருந்தார்கள். பார்ட்டியிடம் காட்டினேன். "நீ செய்யலைன்னா இன்னொருத்தன் செய்வான்" என்று ஜக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

செய்வான்தான். மாட்டும்போது அவனும் சேர்ந்து மாட்டுவான். உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ், பதிவுக்காரருக்குத் தரும் உரிமையில் தயாரிப்பதைத் தடுப்பது, விற்பதைத் தடுப்பது, இறக்குமதியைத் தடுப்பது மூன்றும் உண்டு. ஆர்டர் கொடுத்தவர் யாராக இருந்தாலும் பொருள் அடிப்பவன் நான். தயாரிப்பாளன் என்ற இடத்தில் என் பெயர்தான் வரும்.

கணினியில் வரைந்த கேட் ஃபைலில் ஒரு வளைவை மாற்ற அரைநாள் போதும். இரும்பை வெட்டிய பிறகு அதே வளைவை மாற்றுவதென்றால் அநேகமாகப் புது மோல்டு. அதனால் கேள்வி எல்லாம் வெட்டுவதற்கு முன்னால். உங்கள் பக்கத்தில் எப்படி?


கன்டெய்னர்:

நல்ல திரி. நான் மறுமுனையில் இருக்கிறேன். விளக்குச் சாமான் இறக்குமதி.

ஃபேக்டரி கேட்லாக்கில் 'ஓபன் மோல்டு' என்று போட்டிருப்பார்கள். அந்த மோல்டில் யார் ஆர்டர் கொடுத்தாலும் அடித்துத் தருவோம் என்று அர்த்தம், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் விற்கலாம் என்று அதைப் படித்துக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரு மேஜை விளக்கு பிடித்திருந்தது. டிசைன் யாருடையது என்று கேட்டேன். சிவப்பு முத்திரையோடு சான்றிதழ் வந்தது. போலி இல்லை, அசல்தான். அங்கேதான் விஷயமே. அது ஃபேக்டரி இருக்கிற நாட்டில் வாங்கிய சான்றிதழ். நான் விற்கப்போகிற சந்தையில் கிட்டத்தட்ட அதே விளக்கை அதற்கு முந்தைய தேதியிலேயே வேறொருவர் பதிந்து வைத்திருந்தார். சாம்பிள் கட்டத்திலேயே தேடியதால் ஆர்டர் போகவில்லை.

டிசைன் உரிமை எல்லை தாண்டாது. எங்கே விற்கிறோமோ அந்தச் சந்தையின் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். வைப்போவின் (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) குளோபல் டிசைன் டேட்டாபேஸ், ஐரோப்பியர்களின் டிசைன்வியூ இரண்டும் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கின்றன. எல்லா நாடும் அதில் முழுசாக வந்துவிடாது என்பதால் விற்கிற நாட்டின் சொந்தப் பதிவேட்டையும் தனியாக ஒரு முறை பார்த்துவிடுவேன்.

என்னோடு தொழில் செய்கிற ஒருவருக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. உரிமையாளர் முன்கூட்டியே சுங்கத்தில் தன் டிசைனைப் பதிந்து வைத்திருந்தார். சரக்கு இறங்கிய இடத்திலேயே நின்றுபோனது. "எனக்குத் தெரியாது, கேட்லாக்கில் இருந்ததைத்தான் வாங்கினேன்" என்றார். தெரியாது என்பதால் சில நாடுகளில் நஷ்டஈட்டுத் தொகை குறையலாம். சரக்கு அதற்காக வெளியே வராது.


புதுசு:

ஒரு சந்தேகம். ஏழு இடத்தில் மாற்றினால் போதும், அல்லது 30 சதவீதம் மாற்றினால் அது நம் டிசைன் என்று எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் சொல்கிறார்களே, அது உண்மையா?


பதிவு ஏஜென்ட்:

இல்லை. எந்த நாட்டுச் சட்டத்திலும் அப்படி ஒரு எண்ணிக்கையை நான் பார்த்ததில்லை. ஆனால் மாதத்துக்கு ஒருவராவது அதைச் சொல்லிக்கொண்டு வருகிறார். ஒருவர் வித்தியாசங்களை அட்டவணை போட்டே எடுத்துவந்தார். ஸ்க்ரூ இடம் மாறியிருக்கிறது, அடித்தட்டு இரண்டு மில்லிமீட்டர் கூடியிருக்கிறது, காற்றுத் துளை வட்டத்திலிருந்து நீள்வட்டமாகியிருக்கிறது என்று பக்கம் நிரம்ப. எல்லாமே சுவரோடு ஒட்டி நிற்கிற பின்பக்கத்து வித்தியாசங்கள். முன்பக்கம் இரண்டும் ஒன்று.

மாற்றங்களை யாரும் எண்ணுவதில்லை. மொத்தத்தில் கண்ணில் படிகிற தோற்றம் ஒன்றா வேறா என்பதுதான் கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1871இல் கோரம் வழக்கில் கரண்டி, முள்கரண்டிக் கைப்பிடிகளை வைத்துக்கொண்டு இதைச் சொன்னது: வாங்குகிற சாதாரண ஆள் வழக்கமாகக் கொடுக்கிற கவனத்தோடு பார்க்கும்போது ஒன்றை மற்றொன்று என்று நினைத்து வாங்கிவிடுவாரா? இன்றும் அங்கே அடிப்படை அதுதான். ஐரோப்பாவில் அந்தத் துறையின் பொருள்களைக் கொஞ்சம் அறிந்த பயனர் ஒருவரின் கண்ணால் பார்ப்பார்கள்.

இன்னொன்று, துறையில் எவ்வளவு நெரிசல் என்பது. ஒரே மாதிரி நூறு பொருள் ஏற்கெனவே இருக்கிற துறையில் சின்ன வித்தியாசமே நம்மைக் காப்பாற்றிவிடும். யாருமே போகாத வடிவத்தோடு ஒருவர் முதலில் வந்திருந்தால், பெரிய மாற்றம் செய்தாலும் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்போம். இதை எந்தச் சதவீதத்திலும் அடக்க முடியாது.

ட்ரங்கி வழக்கைப் பலர் தப்பாக மேற்கோள் காட்டுவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ட்ரங்கி என்பது குழந்தைகள் ஏறி உட்கார்ந்து உருட்டிக்கொண்டு போகும் பயணப் பெட்டி. அதே யோசனையில் இன்னொரு கம்பெனி விலை குறைந்த பெட்டி கொண்டுவந்தது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2016இல் மீறல் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. உடனே "பார்த்தீர்களா, காப்பி அடிக்கலாம்" என்று கிளம்பிவிட்டார்கள். நடந்தது வேறு. பதிவில் இருந்தது வெறும் கோட்டுப் படம் இல்லை, நிழலும் நிறபேதமும் கொண்ட கணினிப் படம். கொம்பு முளைத்த மிருகம் மாதிரித் தோற்றம், மேலே எந்த அலங்காரமும் இல்லாத மொழுக்கென்ற பரப்பு. போட்டியாளரின் பெட்டியிலோ கோடும் புள்ளியும் வேறு மிருக முகமும் இருந்தன. யோசனை புத்திசாலித்தனமானதுதான், ஆனால் டிசைன் உரிமை யோசனைக்குக் கிடையாது என்று நீதிமன்றம் சொன்னது. வெறும் கோட்டுப் படமாகப் பதிந்திருந்தால் உருவம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டு முடிவு வேறாகப் போயிருக்கவும் கூடும்.

அதனால் கடையில் நிற்கும் பொருளோடு ஒப்பிட்டுப் பயனில்லை. பதிவேட்டில் இருக்கும் படத்தோடு ஒப்பிடுங்கள்.


துணிக்கோடு:

நான் துணிக்கு பிரிண்ட் வரைகிறவள். எங்கள் பக்கத்தில் மோல்டும் இல்லை இரும்பும் இல்லை. காப்பி அடிக்க ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும்.

என்ன மாதிரி வேண்டும் என்று காட்ட பிராண்டுகள் அனுப்பும் படத்தொகுப்பில், அதாவது மூட்போர்டில், எப்போதும் ஒரு படம் இருக்கும், "இதே ஃபீல்" என்று. மூன்று நான்கு படம் இருந்தால் எனக்குக் கவலை இல்லை, அது ஒரு திசை. ஒரே ஒரு படம் இருந்தால் அது திசை இல்லை, கட்டளை. அப்போது அந்தப் படம் யாருடையது என்று எழுதிக் கேட்டுவிடுவேன். வாயால் கேட்டால் வாயாலேயே மழுப்பிவிடுவார்கள்.

வேலை அதிகமாகி ஒரு ஃப்ரீலான்ஸரிடம் சில பிரிண்ட்களைக் கொடுத்திருந்தேன். வந்ததில் ஒன்று கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருந்தது. இலைக்கொடி, நடுவில் ஒரு பறவை. எங்கோ பார்த்த ஞாபகம். லேயரோடு ஃபைல் அனுப்புங்கள், முதல் ஸ்கெட்ச் இருந்தால் அதையும் அனுப்புங்கள் என்று கேட்டேன். சொந்தமாக வரைந்தவருக்கு அது ஒரு நிமிட வேலை. இவரிடம் இருந்தது எல்லாம் ஒட்டிப்போன ஒற்றைப் படம். பிறகு உட்கார்ந்து தேடி மூலத்தைக் கண்டுபிடித்தேன். நிறம் எல்லாம் மாறியிருந்தது, பறவை திரும்பியிருந்தது. ஆனால் மூலத்தில் ஒரு இலைக்காம்பு கை நடுங்கிய மாதிரி கோணலாக இருக்கும். அதே கோணல் அதே இடத்தில் இவருடையதிலும். காப்பி அடிப்பவர்கள் அழகை மட்டும் எடுப்பதில்லை, தப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த பிரிண்டை அப்படியே தூக்கிப் போட்டேன்.

பதிவு இல்லாத டிசைன் என்றால் யாருக்கும் உரிமை இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தில் பதியாத டிசைனுக்கும், அங்கே பொதுவில் வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டு பாதுகாப்பு உண்டு. ஒவ்வொரு சீசனும் மாறுகிற எங்கள் தொழிலுக்கு அதுவே அதிகம். போதாததற்குப் படத்துக்குக் காப்பிரைட்டும் பல நாடுகளில் கூடவே வரும்.


பதிவு ஏஜென்ட்:

மேடம் சொன்னதோடு ஒன்று. பதியாத டிசைனில் நாம் காப்பி அடித்தோம் என்று காட்டினால்தான் மீறல். தானாகவே யோசித்து அதே இடத்துக்கு வந்தவர் தப்பிக்கலாம். பதிந்த டிசைனில் அந்தக் கதவு இல்லை. அதைப் பார்த்ததே இல்லை என்று நிரூபித்தாலும் மீறல் மீறல்தான். "எங்கள் டிசைனர் சொந்தமாக வரைந்தார், எதற்குத் தேட வேண்டும்?" என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள்.


லேயர் லேயரா:

3டி பிரிண்ட் சர்வீஸ் நடத்துகிறேன் அண்ணா. கஸ்டமர் ஃபைல் அனுப்புவார், நாங்கள் அடிப்போம். "ஃபைல் அவங்களது, பொறுப்பும் அவங்களது" என்றுதான் பலரும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தில், பொருளைச் செய்ய உதவும் நோக்கத்தோடு டிசைன் அடங்கிய ஃபைலை உருவாக்குவது, இறக்குவது, பகிர்வது எல்லாமே உரிமையாளர் தடுக்கக்கூடிய பட்டியலில் வந்துவிட்டது. அங்கே அனுப்புகிற வேலை என்றால் இப்போது நான் ஃபைலின் மூலத்தைக் கேட்கிறேன். வீட்டு உபயோகத்துக்கு ஒன்று என்றால் பல சட்டங்களில் விலக்கு உண்டு. "இருநூறு வேணும், சொந்த உபயோகத்துக்கு" என்கிறார்கள் பாருங்கள், அவர்களிடம்தான் சிரிப்பு வரும்.


ஸ்பேர் கடை:

எங்க கதை வேற. வண்டி ஸ்பேர் பார்ட்ஸ். ஒரிஜினல் பம்பர் மாதிரியே இல்லைன்னா அது வண்டியில உட்காராது, உட்கார்ந்தாலும் வண்டி முகமே கோணிப்போகும். "வேற மாதிரி டிசைன் பண்ணு"ன்னு எங்ககிட்ட சொல்ல முடியாது. அதனால ஒவ்வொரு நாட்டுக்கும் விதி என்னன்னு கேட்டுட்டுதான் சரக்கு எடுப்பேன். சில நாட்டுல பழுது பார்க்கிற பாகத்துக்கு விலக்கு இருக்கு, சில நாட்டுல இல்ல.

ஐரோப்பாவுல இருக்கு, ஆனா அதுலயும் ஒரு திருப்பம். 2017ல வீல் ரிம் பத்தி ஒரு தீர்ப்பு வந்துச்சு. பாகத்தோட உருவம் வண்டியோட உருவத்தைச் சார்ந்து இருக்கணும்னு அவசியம் இல்லன்னு சொல்லி ரிம்முக்கும் விலக்கைக் கொடுத்தாங்க. ரிம் விக்கிறவங்க எல்லாம் கொண்டாடினாங்க. 2025ல வந்த புது விதியில, வண்டியோட தோற்றத்தைச் சார்ந்து நிக்கிற பாகத்துக்குத்தான் விலக்குன்னு மறுபடி இறுக்கிட்டாங்க. பம்பர் உள்ளே, ரிம் சந்தேகம். பழைய தீர்ப்பை நம்பி இன்னும் ஸ்டாக் போடுறவங்க இருக்காங்க.


மூடி ஜாடி:

அழகுசாதனப் பொருள்களுக்கு ஜாடி, மூடி செய்கிறோம். எங்களுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. எங்கள் மூடி அவர்கள் டிசைனைக் காப்பி அடித்ததாம், பதினைந்து நாளில் நிறுத்த வேண்டுமாம், இருக்கிற ஸ்டாக்கை அழிக்க வேண்டுமாம்.

பார்ட்னர் உடனே கோபமாகப் பதில் எழுத உட்கார்ந்தார். நான் தடுத்தேன். நோட்டீஸில் பதிவு எண் இருந்தது. முதலில் அதை எடுத்துப் படத்தைப் பார்த்தோம். ஓரளவு ஒத்துப்போனது, மறைப்பதற்கில்லை. அடுத்து விண்ணப்பத் தேதி. பிறகு எங்கள் மார்க்கெட்டிங் பெண்தான் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தாள். அவர்களுடைய சமூக வலைதளப் பக்கத்தில் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனாள். விண்ணப்பத்துக்கு இரண்டு வருடம் முன்பே அதே மூடியோடு அவர்களே படம் போட்டிருந்தார்கள், தேதியோடு. அதை அப்படியே சேமித்து எங்கள் வக்கீலிடம் கொடுத்தோம். அவர் பதில் அனுப்பினார். அதற்குப் பிறகு மறுமொழி இல்லை.


பதிவு ஏஜென்ட்:

இதே கதை பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. பாடகி ரிஹானா 2014 டிசம்பரில் பூமா ஷூவோடு இன்ஸ்டாகிராமில் படங்கள் போட்டிருந்தார். அந்த ஷூ டிசைனுக்கு பூமா ஐரோப்பாவில் விண்ணப்பித்தது 2016இல். சொந்தமாக வெளியிட்டுவிட்டுப் பதிவதற்கு அங்கே 12 மாதம்தான் அவகாசம். அந்தப் படங்களே போதும் என்று பதிவு செல்லாது என அறிவிக்கப்பட்டது, 2024இல் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

ஐரோப்பிய அலுவலகம் பதியும்போது டிசைன் புதியதா என்று பார்ப்பதே இல்லை. அதனால் அங்கே சான்றிதழ் கையில் இருப்பது வேறு, அது நிற்குமா என்பது வேறு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பரிசோதித்துத்தான் கொடுக்கிறார்கள். அங்கே உடைப்பது கடினம்.

ஆனால் மூடி ஜாடி சார், பதினைந்து நாளை வீணாக்காமல் இருந்ததுதான் உங்களைக் காத்தது. பதில் போடாமல் விட்டால் தானாகப் போய்விடும் என்று நோட்டீஸை டிராயரில் வைத்தவர்களின் கோப்புகள் என்னிடம் இருக்கின்றன. நோட்டீஸ் வந்த பிறகும் விற்றால், தெரியாமல் செய்தேன் என்கிற வாதம் அன்றோடு செத்துவிடும்.


அச்சுப்பட்டறை:

ஏஜென்ட் சாரிடம் ஒரு கேள்வி. தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. வெட்டலாமா?


பதிவு ஏஜென்ட்:

வெட்டலாம், ஆனால் முழு நிம்மதியோடு இல்லை. பதிவானதும் வெளியிடாமல் ஒத்திவைக்கச் சட்டமே இடம் தருகிறது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதியும் ஹேக் முறையிலும் ஐரோப்பாவிலும் 30 மாதம் வரை படத்தை மறைத்து வைக்கலாம். அமெரிக்காவில் டிசைன் பதிவுக்கு டிசைன் பேட்டன்ட் என்று பெயர். அங்கே நேரடியாகப் போட்ட விண்ணப்பம், பேட்டன்ட் வழங்கப்படும்வரை வெளியே தெரியாது. நீங்கள் தேடும் நாளில் இவை எதுவும் கண்ணில் படாது. அதனால் வெட்டுவதற்கு முன் ஒரு முறையும், சரக்கு சந்தைக்குப் போகும் முன் இன்னொரு முறையும் தேடுங்கள்.

உங்கள் டிசைன் எப்படி உருவானது என்பதற்கான ஸ்கெட்ச், மெயில், கேட் பதிப்புகள் எதையும் அழிக்காதீர்கள். அவருடைய விண்ணப்பத் தேதிக்கு முன்பே நல்லெண்ணத்தோடு, காப்பி அடிக்காமல் நீங்கள் தயாரிக்கத் தொடங்கியிருந்தால், பல நாடுகளில் தொடர்ந்து செய்ய முன்பயன்பாட்டு உரிமை கிடைக்கும். அதை நிரூபிக்க அந்தக் குப்பைதான் வேண்டும்.

நாமும் ஒன்றைப் பதிந்துவிட்டால் அதுவே கவசம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். சாலையோர அடையாளக் கம்பம் பற்றிய ஒரு வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் சொன்னது: பின்னால் பதிந்தவரிடம் பதிவு இருந்தாலும் முன்னால் பதிந்தவர் அவர்மேல் நேராக வழக்குப் போடலாம்.

காலம் முடிந்தவற்றையும் கவனியுங்கள். ஐரோப்பாவில் புதுப்பித்துக்கொண்டே போனால் 25 ஆண்டு, அமெரிக்காவில் 2015 மே 13 முதல் விண்ணப்பித்தவைக்கு வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டு, இந்தியாவில் 10, நீட்டித்தால் 15. முடிந்துபோன டிசைனைத் தாராளமாக எடுக்கலாம், ட்ரேட்மார்க்காகவோ காப்பிரைட்டாகவோ அதே வடிவம் வேறு கதவில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு.


கன்டெய்னர்:

டிசைன் வழக்கு வந்தால் நஷ்டத்தை ஃபேக்டரியே ஏற்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்காக ஒன்று. ஃபேக்டரி கையெழுத்துப் போடும், யோசிக்கவே யோசிக்காது. வழக்கு வருவது என் நாட்டில், அவர்களுக்கு இங்கே ஒரு நாற்காலிகூடக் கிடையாது. யாரிடம் போய் வசூலிப்பது? அதனால் புது வடிவம் என்றால் கடைசித் தவணையில் ஒரு பகுதியைச் சரக்கு சந்தையில் கொஞ்சகாலம் ஓடும்வரை நிறுத்தி வைக்கிறேன். டிசைன் தங்களுடையதுதான் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டாவது ஒத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் அந்த மாடலே ஸ்டாக்கில் இல்லை என்கிறார்கள்.


அச்சுப்பட்டறை:

அண்ணே, அந்தத் தவணை நிறுத்துகிற பிரிவை எந்த வார்த்தையில் எழுதுகிறீர்கள் என்று இங்கேயே போட முடியுமா? எனக்கு அது தலைகீழாக வேண்டும். ஆர்டர் கொடுக்கிறவர் முன்பணத்தோடு வடிவத்தின் உரிமைக் கடிதமும் தர வேண்டும், தராவிட்டால் இரும்பு மேஜையேறாது என்று.


கன்டெய்னர்:

நாளைக்கு ஆபீஸ் போனதும் போடுகிறேன். வக்கீல் எழுதியது, உங்கள் நாட்டுக்கு ஏற்ற மாதிரி ஒருவரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.